பரங்கிமலையில் இறங்கிப் பார்த்தீர்களா?
ராணுவப் பயிற்சி அகாடமியின் மதில் சுவரைத் தவிரச் சென்னைப் பரங்கிமலையில் பார்க்க ஒன்றுமில்லை, பசித்தால் கிண்டிக்குப் போய்விடுங்கள் என்கிறார் நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர். ரயிலை விட்டு இறங்காமலே எழுதியிருப்பார் போலிருக்கிறது. மலைமேல் 1523-இல் போர்த்துகீசியர் கட்டிய தேவாலயம் இருக்கிறது. அதன் முற்றத்தில் நின்றால் மீனம்பாக்கத்தில் விமானம் தரைதொடும்போது சக்கரத்திலிருந்து எழும் புகைகூடத் தெரியும். அதை எண்ணுவதற்காகவே என் பேரன் அத்தனை படியும் ஏறுவான். 1802-இல் இந்தியாவை அளக்கும் பெரும்பணியை ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் தொடங்கியது இங்கேதான். அவருடைய மார்பளவுச் சிலையை யாரோ பாதிரியார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனவரை நானே பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக்கும் கிண்டி தேவையில்லை. தலைமுறைகளாக இங்கே வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் யாரையாவது தெரிந்திருந்தால் டிசம்பரில் எட்டிப் பாருங்கள்: மாவைச் சீப்பின் பல்லில் உருட்டி, பொரித்து, சர்க்கரைப் பாகில் புரட்டிய குல்குல் ஒரு தட்டு நிறைய வரும். நான்கு நிலையம் தள்ளிப் பல்லாவரம். 1863-இல் நிலவியலாளர் புரூஸ் ஃபுட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது அங்கே, படையினரின் திடலை ஒட்டிய சரளைக் குழியில். வெள்ளிக்கிழமைச் சந்தையில் கருவாட்டு வாசத்துக்கும் பழைய இரும்புக் குவியலுக்கும் நடுவே நான் பேரம் பேசி வாங்கிய அரிவாள்மனை இன்னும் கூர் மழுங்கவில்லை. படம் எடுக்கலாமா என்று கேட்கும் அன்பர்களுக்கு: மலைமேல் தாராளமாக எடுங்கள், அகாடமி வாயில் பக்கம் மட்டும் கேமராவை நீட்டாதீர்கள்.