'டி'-யில் போட்டுவிட்டு மலை ஏறுகிறவர்களுக்கு

என் தாய்மாமா நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். நான் மாருதி ஜிம்னி ஆட்டோமேட்டிக் எடுத்த அன்று வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். "கிளட்ச் இல்லாம கொல்லிமலை ஏறுவியா மாப்ள?" என்றார். அவர் மட்டுமில்லை, டீக்கடை, ஆபீஸ், கல்யாண வீடு என்று எங்கே போனாலும் இதே பேச்சு. ஆட்டோமேட்டிக் மலைக்கு ஆகாதாம்.

ஆகும். ஏத்தத்தில் கியர் வண்டியைவிட நன்றாகவே ஆகும். ஆகாதது, லிவரை 'டி'-யில் (டிரைவ், வண்டியே கியரை மாற்றிக்கொள்ளும் இடம்) தள்ளிவிட்டு அதற்கப்புறம் அந்தப் பக்கமே திரும்பாத நம் பழக்கம்.

கொல்லிமலை அடிவாரமான காரவள்ளியில் ஆரம்பித்து மேலே போகப் போக எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருப்பார்கள். நாற்பதாவது வளைவில் மேலிருந்து பஸ் இறங்குகிறது, நீங்கள் பாதி வளைவில் நிற்கிறீர்கள், பின்னால் ஒருவர் ஒரு முழம் இடைவெளிகூட விடாமல் ஒட்டி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். (குறுகிய மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதை பஸ்காரரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.) கியர் வண்டியென்றால் ஹேண்ட் பிரேக், பாதி கிளட்ச், ஆக்சிலேட்டர், கொஞ்சம் சாமி என்று நாலும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். நான் லைசென்ஸுக்கு எட்டு போட்டது பள்ளிக்கூட மைதானம் மாதிரி ஒரு சமதளத்தில். இந்த வித்தையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கிளட்ச் பிளேட்டைக் கருக்கித்தான் கற்றுக்கொண்டேன்.

டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் இந்தக் கூத்தே கிடையாது. எண்ணெய்க்குள் எதிரெதிராக இரண்டு விசிறிகள். இன்ஜின் ஒன்றைச் சுற்றுகிறது, எண்ணெய் பாய்ந்து மற்றதைத் தள்ளுகிறது. நடுவில் மூன்றாவதாக ஒன்று அந்தப் பாய்ச்சலைத் திருப்பிவிடுவதால், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். உரசித் தேய கிளட்ச் இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் ஹில் ஹோல்டு என்கிற வசதி வண்டி பின்னால் உருளாமல் இரண்டு விநாடி பிடித்துக்கொள்ளும். ஏஎம்டி வண்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு மெதப்பில் இருந்துவிடாதீர்கள். உங்களுடையதில் இருப்பது அதே பழைய கிளட்ச்தான், மிதிக்கிற கால் மட்டும் ஒரு மோட்டாருடையது. ஏத்தத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியை நிறுத்தி வைத்தால் அது கருகும். ஏன், என்னுடையதிலும் அப்படிச் செய்தால் கியர் எண்ணெய் கொதித்துவிடும்.

இனி 'டி' கதை. வளைவுக்கு முன்னால் காலை எடுக்கிறோம். "ஐயா சமதளத்துக்கு வந்துட்டார்போல" என்று கியர்பாக்ஸ் மேல் கியருக்குப் போய்விடுகிறது. வளைவைத் திருப்பி மிதித்தால் ஒரு நொடி யோசித்து, உறுமி, மறுபடி கீழே வருகிறது. எழுபது வளைவுக்கும் இதே பல்லவி. வண்டிக்குக் கண் இல்லை, முன்னால் வளைவு இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? நமக்குத் தெரியும், நாம்தான் சொல்ல வேண்டும். என் லிவரில் 'டி'-க்குக் கீழே '2', 'எல்' என்று இரண்டு இருக்கின்றன. '2'-வில் வண்டி இரண்டாவது கியரைத் தாண்டாது, 'எல்'-லில் முதல் கியரைத் தாண்டாது. மலையடிவாரத்தில் '2'-க்கு இழுத்தால் மலை மேலிருக்கும் செம்மேடு வரை அதை மாற்றவே தேவையிருக்காது. மஹிந்திரா தார் ஆட்டோமேட்டிக் என்றால் லிவரைப் பக்கவாட்டில் தள்ளி நீங்களே கியரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். இன்ஜின் சத்தம் கூடும், கூடட்டும். பின்சீட்டு அத்தைகள் "ஏன்டா வண்டி இப்படிக் கத்துது" என்பார்கள். கத்துகிற வண்டியைவிடத் திணறுகிற வண்டிதான் சீக்கிரம் சூடாகும்.

ஜிம்னிக்கு, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ கிடையாது, கியரும் நான்கே நான்கு. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், இன்ஜினின் பலமும் கிட்டத்தட்ட அதே கணக்கில் இறங்கும். அங்கே போய் "பிக்கப் இல்லை" என்று புலம்புவதில் நியாயமில்லை. டர்போ வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலை ரொம்பக் குறைவு என்பதைக் கொஞ்சம் பொறாமையோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஃபோர் வீல் வாங்கியவர்கள் செய்கிற இன்னொரு காரியம், மலை வந்ததும் பெருமையாக, நாலு சக்கரத்துக்கும் இழுவை தரும் '4எச்' போடுவது. காய்ந்த தார் ரோட்டில் வேண்டாம். ஜிம்னி, தார், ஃபார்ச்சூனர் இதிலெல்லாம் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் இல்லை. கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்ற வேண்டும். இரண்டு அச்சையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் அந்த வித்தியாசம் எங்கே போகும்? ஸ்டியரிங் இறுகும், டயர் தேயும், உள்ளே பற்கள் முறுக்கிக்கொள்ளும். தார் ரோட்டுக்கு, பின் சக்கரத்துக்கு மட்டும் இழுவை தரும் '2எச்' போதும். ஏத்தத்தில் பாரம் பின்பக்கம்தான் சாயும், தள்ளுவதும் பின் சக்கரம்தானே.

'4எல்' எதற்கு என்று எனக்குப் புரிந்தது போன ஐப்பசியில், கொல்லிமலையில் சிநேகிதரின் மிளகுத் தோட்டத்துக்குப் போனபோது. ரோட்டிலிருந்து பிரியும் மண்பாதை, முந்தின நாள் மழை, நடுவில் தண்ணீர் அறுத்த பள்ளம். மாமா பக்கத்து சீட்டில். நான் '4எச்', 'டி', வேகமாகப் போய் ஏறிவிடலாம் என்று மிதித்தேன். பாதியில் சக்கரம் சுழன்று சேறு கண்ணாடிவரை தெறித்தது. மறுபடி மிதித்தேன். லேசாக ஒரு கருகல் வாசம்.

"நிறுத்து. சின்ன கியர் ஒண்ணு இருக்குன்னியே, அதைப் போடு."

பிரேக்கை அழுத்தி, நியூட்ரல் வைத்து, சின்ன லிவரை '4எல்'-லுக்குத் தள்ளி, அப்புறம் கியர் லிவரை 'எல்'-லுக்கு இழுத்தேன். ஜிம்னியில் இந்த '4எல்' வேகத்தைப் பாதியாக்கி இழுவையை இரட்டிப்பாக்கும். காலை லேசாக வைத்தேன். வண்டி மூட்டை சுமக்கிற ஆளைப்போல நிதானமாக ஏற ஆரம்பித்தது. பள்ளத்தில் குறுக்கு மறுக்காக இரண்டு சக்கரம் அந்தரத்தில் தொங்கியபோது பயந்து காலை எடுத்தேன், நின்றுவிட்டது. அங்கேதான் எடுக்கக் கூடாது. சும்மா சுழல்கிற சக்கரத்தை வண்டி தானாகவே பிரேக் பிடித்து, தரையில் நிற்கிற சக்கரத்துக்கு இழுவையை அனுப்பும். அதற்கு ஒன்றிரண்டு விநாடி தர வேண்டும். சீராக மிதித்துக் காத்திருந்தேன். கடகடவென்று ஒரு சத்தம், ஏறிவிட்டது. கிளட்சைப் பார்த்துக்கொண்டு இதையும் செய்ய எனக்கு மூன்றாவது கால் வேண்டும்.

ஏறியிருக்காவிட்டால்? ஏறாத மேட்டில் வண்டியைத் திருப்ப நினைப்பதுதான் உயிருக்கு ஆபத்து. பக்கவாட்டில் சாய்ந்தால் உருண்டுவிடும். பிரேக்கிலேயே காலை வைத்து 'ஆர்' போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்க வேண்டும். நியூட்ரல் பக்கம் கை போகவே கூடாது.

இறக்கம் பற்றி எனக்குக் கோபமே இருக்கிறது. என் மைத்துனன் இதைவிட விலை கூடிய ஆட்டோமேட்டிக் ஒன்று வாங்கினான், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். டெலிவரி அன்று மாலை, கேக், எலுமிச்சம்பழம், போட்டோ எல்லாம் ஆனது. சன்ரூஃபைத் திறப்பது எப்படி என்று இருபது நிமிஷம் சொல்லிக்கொடுத்தார்கள். இறக்கத்தில் கியரை எப்படிக் குறைப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. ஏற்காட்டிலிருந்து முழுக்க 'டி'-யிலேயே பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு இறங்கி, அடிவாரம் நெருங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. முன் சக்கரத்தில் புகை. தெய்வாதீனமாக அங்கே ரோடு சமமாகியிருந்தது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியில் முப்பத்தாறு வளைவிலும் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை, ஏன் என்று கேட்கிறவர்கள் அவன் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

"ஏத்தத்துக்கு என்ன கியரோ இறக்கத்துக்கும் அதே கியர்" என்பது லாரிக்காரர்களின் பழைய பாடம். ஆட்டோமேட்டிக்குக்கும் அதேதான். '2', தேவைப்பட்டால் 'எல்', பிரேக்கை விட்டு விட்டு லேசாகத் தொடுவது. இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்த ஹில் டிசென்ட் பட்டன் இருக்கிறதே என்பார்கள். அதுவும் பிரேக்கைத்தான் பிடிக்கிறது, நம் காலுக்குப் பதிலாக.

அன்று மிளகுத் தோட்டத்திலிருந்து '2'-வில் இறங்கினோம். மாமா வழியெல்லாம் பேசவில்லை, வளைவுக்கு வளைவு அவருடைய இடது கால் மட்டும் இல்லாத கிளட்சை மிதித்துக்கொண்டே வந்தது. காரவள்ளியில் நிறுத்தியதும் இறங்கிப் போய், முன் சக்கரத்துக்கு நாலு விரல் தள்ளி உள்ளங்கையை நீட்டிக் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "டீ சொல்லு மாப்ள, சக்கரை கம்மியா" என்றார்.