வேதகலாபனை என்றால் சிங்கம் மட்டும்தானா? கொஞ்சம் அந்தச் சீட்டையும் பாருங்கள்

ஆதித் திருச்சபையும் ரோமும், வேதகலாபனை (விசுவாசத்துக்காகக் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டது) என்று பேச்சை எடுத்தாலே ரோமின் பெரிய அரங்கமான கொலோசியமும் சிங்கமும் வந்து நிற்கின்றன. பேரரசர் நீரோ கிறிஸ்தவர்களைக் கொன்றது கி.பி. 64-இல், கொலோசியம் திறக்கப்பட்டதே 80-இல்தான். நீரோவின் கொடுமை பொய்யில்லை. ஆனால் அது ரோம் நகரத்தோடு நின்றது. பேரரசு முழுக்க ஒவ்வொரு கிறிஸ்தவர் வீட்டுக் கதவையும் தட்டியது சிங்கமல்ல, ஒரு சான்றிதழ். என்னைக் கேட்டால் திருச்சபையை அதிகம் உலுக்கியதும் அதுதான்.

முதல் இருநூறு ஆண்டுகளில் நடைமுறை வேறு மாதிரி இருந்தது. ஏறக்குறைய 112-இல் பித்தினியா-பொந்து மாகாண ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் அப்படியே கிடைத்திருக்கிறது. பிடித்து வந்தவரிடம் "நீ கிறிஸ்தவனா?" என்று மூன்று முறை கேட்பார். மூன்று முறையும் ஆம் என்றால் மரண தண்டனை. ரோமக் குடியுரிமை உள்ளவர் என்றால் ரோமுக்கு அனுப்புவார். இல்லை என்று மறுப்பவர் தெய்வங்களை வேண்டி, பேரரசரின் உருவத்துக்குச் சாம்பிராணியும் திராட்சை ரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். டிராஜனின் பதில் சுருக்கமானது: தேடிப் பிடிக்காதே, யாராவது குற்றம் சாட்டி அது நிரூபணமானால் தண்டி, பெயரில்லா மொட்டைக் கடிதங்களை ஏற்காதே. 'குற்றவாளி என்றால் ஏன் தேடவில்லை, நிரபராதி என்றால் ஏன் தண்டிக்கிறாய்' என்று பின்னாளில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் குத்திக் காட்டியது இதைத்தான். ஆக, பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வராதவரை பலரும் நிம்மதியாக இருக்க முடிந்தது.

இதைத் தலைகீழாக்கியவர் பேரரசர் டெசியஸ். 249-இல் ஆட்சிக்கு வந்தவுடன் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டார்; செலுத்தியதற்கு அதிகாரிகளிடம் வாங்குவதுதான் நான் சொன்ன சான்றிதழ். 212-இலேயே பேரரசர் கரகல்லா பேரரசின் சுதந்திர மக்கள் ஏறத்தாழ எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்துவிட்டதால், 'எல்லோரும்' என்ற சொல்லுக்கு இப்போது புது எடை இருந்தது. எல்லையில் படையெடுத்து வந்த கோத்தியர்கள், உள்ளே ஆட்சிக் கவிழ்ப்புகள். தெய்வங்களைச் சமாதானப்படுத்தியாக வேண்டும் என்று அவர் உண்மையாகவே நம்பியிருக்கலாம்.

எகிப்தின் மணலில் இந்தச் சான்றிதழ்கள் 40-க்கும் மேல் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை பையும் என்ற பகுதியின் தெயதெல்பியா கிராமத்தவை; தேதி உள்ளவை எல்லாம் 250 ஜூன், ஜூலை. 1893-இல் முதலில் வெளியானதன் சொந்தக்காரர் அவுரேலியஸ் டயோஜெனஸ், வயது 72, அங்க அடையாளம் வலப் புருவத்தில் தழும்பு. நம் ஊர் மனு மாதிரியேதான் இருக்கிறது. மேலே 'பலிகளை மேற்பார்வையிடத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு'. பிறகு பெயர், தகப்பன் பெயர், ஊர். 'நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி வந்திருக்கிறேன், இப்போது ஆணைப்படி உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், பானம் வார்த்தேன், பலிப் பொருளைச் சுவைத்தேன், சான்றளிக்க வேண்டுகிறேன்.' கீழே அதிகாரிகளின் கையெழுத்து, தேதி.

இந்தச் சீட்டில் எது இல்லை என்று பாருங்கள். கிறிஸ்தவர் என்ற சொல்லே கிடையாது. எந்தத் தெய்வம் என்பதும் கிடையாது. பிளினி கேட்டதுபோல் கிறிஸ்துவைச் சபிக்கவும் சொல்லவில்லை. முதலைத் தெய்வமான பெத்தேசூகோஸின் பெண் பூசாரி ஒருவர்கூட இதே சீட்டை வாங்கியிருக்கிறார்! மனதில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி ரோமுக்குக் கவலையில்லை. கை செய்ததா, வாய் சுவைத்ததா, அவ்வளவுதான். விசுவாசத்தை உயிராக நினைத்தவர்களுக்கு இந்த அலட்சியமே பெரிய கண்ணி.

கண்ணியில் நிறையப் பேர் விழுந்தார்கள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான் எழுதுகிறார்: கூட்டம் தாங்காமல், பொழுது சாய்ந்துவிட்டது என்று அதிகாரிகள் பலரைத் தள்ளிப்போட, அவர்களோ இன்றே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்களாம். சிலர் சாம்பிராணி மட்டும் போட்டார்கள். சிலர் பலியிடாமலே அதிகாரிக்குக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினார்கள். மனைவி மக்களைக் காக்கத் தான் ஒருவனே போய்ப் பலியிட்டு வந்த குடும்பத் தலைவனும் உண்டு. இவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்த முடியுமா?

இங்கேதான் இரண்டாவது சீட்டு வருகிறது. சிறையில் சித்திரவதை தாங்கி உறுதியாக நின்றவர்களுக்குச் சபையில் பெரிய மரியாதை. விழுந்தவர்கள் அவர்களிடம் போய் 'இவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று சமாதானச் சீட்டு வாங்கி வந்தார்கள். சிலவற்றில் 'இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும்' என்று மொத்தமாக எழுதியிருந்தது. இதைக் காட்டி இருபது முப்பது பேர் வந்து நின்றால் என்ன செய்வது என்று சிப்ரியான் தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொல்லும் எடுபடவில்லை, ஏனென்றால் அவரே தலைமறைவாக இருந்தார். (எட்டு ஆண்டு கழித்து, 258-இல், அவரும் வாளுக்குத் தலை கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

251 ஜூனில் டெசியஸ் கோத்தியரோடு நடந்த போரில் அப்ரிட்டுஸ் என்ற இடத்தில் செத்தார். ஆணையும் முடிந்து போயிற்று. சபைக்குள் கிளம்பிய சண்டை போகவில்லை. அதே ஆண்டு கார்த்தேஜில் கூடிய ஆயர்கள், சீட்டு மட்டும் வாங்கியவர்களைத் தனித்தனியே விசாரித்துத் தவத்துக்குப் பின் சேர்க்கலாம், உண்மையில் பலியிட்டவர்களுக்குச் சாகும் தறுவாயில்தான் ஒப்புரவு (சபையில் மீண்டும் சேர்ப்பது) என்று முடிவெடுத்தார்கள். அடுத்த கலாபனை வரும்போல் தெரிந்ததும் அதையும் தளர்த்தினார்கள். ரோமில் நொவாசியன் என்ற குரு அதெல்லாம் முடியாது, விழுந்தவனுக்குத் திரும்பும் வழியே இல்லை என்று பிரிந்து தனிச் சபை கண்டார்.

அந்தப் பிளவு எவ்வளவு நாள் நீடித்தது தெரியுமா? 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்துக்கு அந்தப் பிரிவின் ஆயர் அசேசியஸ் வந்திருந்தார். ஏன் ஒதுங்கி நிற்கிறாய் என்று கேட்ட பேரரசர் கான்ஸ்டன்டைனுக்கு, டெசியஸ் காலத்துக் கதையைத்தான் பதிலாகச் சொன்னார். "அப்படியானால் ஓர் ஏணியை வைத்து நீ மட்டும் சொர்க்கத்துக்கு ஏறிப் போ" என்றாராம் பேரரசர். எழுதி வைத்திருப்பவர் ஐந்தாம் நூற்றாண்டுச் சபை வரலாற்றாசிரியர் சாக்ரடீஸ். ஏதென்ஸ்காரர் இல்லை, இவர் வேறு.