எட்டடி ப்ளைவுட்டுக்கு நாலரை அடி ரெயிலா?

இன்னைக்கும் ஒரு ஷீட் போச்சு. 19 எம்எம் மெரைன் ப்ளை, அதாவது தண்ணி தாங்குற ப்ளைவுட். அதுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 710 முத்திரை குத்தினது. என்ன விலை விக்குதுன்னு இந்த வேலையில இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ப்ளைவுட் ஷீட்னா எட்டடிக்கு நாலடி. எம்எம்ல 2440க்கு 1220. கடையில ஷீட் இறக்குற பையனுக்குக்கூட இது மனப்பாடம். அப்புறம் எதுக்குய்யா ட்ராக் சா, அதான் அலுமினிய ரெயில் மேல ஓடி நேரா வெட்டுற ரம்ப மெஷின், அந்தப் பெட்டிக்குள்ள 1400 எம்எம் ரெயிலைப் போட்டு விக்கிறீங்க? குறுக்க வெட்ட அது போதும், சரி. வார்ட்ரோப் சைடு பலகையை எதை வெச்சு எடுக்கறது? ஏழடிக்கு நெடுக்க இழுக்கணுமே! கேட்டா, "இன்னொரு ரெயில் வாங்கி ஜாயின்ட் போட்டுக்கங்க சார்"ங்குறாங்க.

அந்த ஜாயின்ட் இருக்கே...

ரெண்டு ரெயிலையும் கவுத்துப் போட்டு கனெக்டர் கம்பியைச் சொருகினோம். முனையோட முனை முட்டவிடல. ரெயில் முனையை மட்டமா அறுத்திருப்பாங்கன்னு நம்ப முடியாது. முட்டவிட்டா அந்தக் கோணல் ரெயில் முழுக்க ஏறிடும். அதனால மயிரிழை இடைவெளி விட்டாச்சு. நேரான அலுமினியப் பட்டையைப் பக்கத்துல அணைச்சு, டார்ச் அடிச்சுப் பார்த்தோம். வெளிச்சம் கசியல. அருமை. ஸ்க்ரூவை முறுக்கினதும் வந்துச்சு வினை. அந்த இத்துனூண்டு ஸ்க்ரூ கம்பியை நெம்ப, ரெயிலே ஒரு பக்கமா இழுத்துக்குச்சு. தளர்த்தினேன், நேராச்சு. முறுக்கினேன், கோணிச்சு. இந்த ஸ்க்ரூவைப் பாதி, எதிர்முனை ஸ்க்ரூவைப் பாதி, நடுவுல உள்ளதைக் கொஞ்சமா, மறுபடி முதல் ஸ்க்ரூவைன்னு மாத்தி மாத்தி முறுக்கி, ஒருவழியா நேரா நின்னுச்சு. ரெண்டு பேரா புடிச்சு, பச்சைக் குழந்தையைத் தூக்குற மாதிரி தூக்கி ஷீட் மேல வெச்சோம். வெச்சுப் பார்த்தா மறுபடி கோணல்! தரையில நேரு, டேபிள்ல கோணல். ஷீட் மேலயே வெச்சுத் தளர்த்தி, பட்டையை அணைச்சு, டார்ச் அடிச்சு, முறுக்கி, கிளாம்ப் போட்டு, மெஷினை ஓட்டினோம். நாலரை அடி வெண்ணெயா போச்சு. ஜாயின்ட்டைத் தாண்டுறப்ப ஒரு சின்ன "டக்". அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டதுமே எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு.

வெட்டின விளிம்போட நடுவுல அரை எம்எம் மேடு. "அரை எம்எம்தானே"ன்னு எவனாவது சொன்னா இங்க வந்து பாருங்கய்யா. இப்படி ரெண்டு பலகையை விளிம்போட விளிம்பு சேர்த்தா நடுவுல முட்டிக்கிட்டு, ரெண்டு முனையும் ஒரு எம்எம் வாயைப் பொளக்குது. விளிம்பை மறைக்க ஒட்டுற எட்ஜ் பேண்ட் அந்த இடத்துல உக்காரவே உக்காராது. வீட்டுக்காரம்மா வந்து விரலை வெச்சுத் தடவிப் பார்த்து, "என்னங்க இது, இங்க இடைவெளி விட்டிருக்கீங்க"ன்னு கேப்பாங்க. ரெயில் கம்பெனிக்காரனா வந்து பதில் சொல்வான்?

இதுல ஷீட்டு ஒழுங்கா வருதான்னா அதுவும் இல்ல. 2440க்கு 1220ன்னா ரெண்டு மூலைவிட்டமும் 2728 வரணும். டேப்பைக் குறுக்க இழுத்துப் பார்த்தா ஒண்ணுக்கொண்ணு பொருந்தல. ஃபேக்டரி விளிம்பை நம்பி அளவெடுத்தா ஒவ்வொரு அலமாரிப் பெட்டியும் சாயும். அதனால முதல்ல ஒரு நீள விளிம்பைச் சீவி எடுத்துட்டு, அதுக்கு மட்டமாத்தான் மத்த எல்லாத்தையும் வெட்டணும். அந்த முதல் சீவலுக்கும் இதே ஜாயின்ட் ரெயில்தான்! நேரா வெட்டத்தான் ரெயிலே வாங்குறோம், அந்த ரெயில் நேரா நிக்கலன்னா மிச்ச வேலைக்கு எதைப் புடிச்சுக்கறது?

"மூணு மீட்டர் ஒத்த ரெயில் கிடைக்குதே"ம்பீங்க. கிடைக்குது. ஆர்டர் போட்டேன். பார்சல்காரங்க அதை லாரியில எங்க சொருகி எதுல இடிச்சாங்களோ, முனை நசுங்கித்தான் கைக்கு வந்துச்சு. திருப்பி அனுப்பி, காசு வாங்குறதுக்குள்ள உயிர் போச்சு. அதே ரெயிலைப் பக்கத்து ஊர் கடையில நிறுத்தி வெச்சு வித்தா நான் பார்த்து, தடவி, தோள்ல தூக்கிட்டு வந்திருப்பேனே! மெஷினை அடுக்கி வெக்க இடம் இருக்கு, ஒரு நீள ரெயிலை நிறுத்தி வெக்க இடம் இல்லையா?

இவ்வளவும் போதாதுன்னு, வெட்டுறப்ப வர்ற தூசியை இழுக்க வாக்யூமை மாட்டப் போனா, மெஷின்ல தூசி வெளிய வர்ற வாய் ஒரு அளவு, குழாய் இன்னொரு அளவு. எவன்யா இந்த அளவையெல்லாம் முடிவு பண்றது? ஒருத்தன் மெஷினுக்கு இன்னொருத்தன் குழாய் சேராது. நடுவுல மாட்டுற அடாப்டரைத் தனியா வித்து அதுலயும் காசு பாக்குறாங்க. நான் சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டியிருக்கேன். பத்து நிமிஷம் ஓடினா அது கழண்டு, மரத்தூள் மொத்தமும் மூஞ்சியில அடிக்குது!