லிங்க் போட்டால் விளம்பரமாம்

நம் முகநூல் புகைப்படக் குழுவில் நேற்று நடந்த கூத்து அங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும், அதனால் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. நண்பர் தன் வலைப்பூ லிங்கைப் போட்டார், ‘சுய விளம்பரம்’ என்று தூக்கிவிட்டார்கள். தூக்கின கையோடு அதே குழுவின் உச்சியில் பின் செய்து வைத்திருக்கும் ப்ரீசெட் (படத்தின் நிறத்தை ஒரே தட்டில் மாற்றும் ரெடிமேட் அமைப்பு) விற்பனைப் பதிவையும் பார்த்தேன். அது விளம்பரம் இல்லையாம், உறுப்பினர்களுக்குப் பயனுள்ள தகவலாம். சரி, இருக்கட்டும்.

நீக்கியதுகூடப் பரவாயில்லை. குழு என்றால் விதி இருக்கும். அதற்குப் பிறகு வந்த பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. “இந்தக் காலத்துல யாரு சார் பிளாக் எல்லாம் பாக்குறாங்க” என்று ஒருவர். “இங்க லைக் விழாதவங்க போய் ஒளிஞ்சுக்கிற இடம் அது” என்று இன்னொருவர், கூடவே சிரிக்கிற பொம்மை வேறு. நானும் அங்கே ஒளிந்துகொண்டிருக்கிற ஆள்தான் என்பதால் எனக்கும் சேர்த்தே விழுந்தது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். ஆசைக்குப் படம் எடுக்கிறவனுக்கு இதில் காசு கிடையாது, ஆர்டர் கிடையாது, விருது எல்லாம் எப்போதாவது யாருக்காவது. அவனுக்குக் கிடைக்கிற ஒரே சம்பளம், எடுத்ததை எப்படிக் காட்டுவது என்று அவனே முடிவு பண்ணுவது. எது முதலில், எந்த அளவில், பக்கத்தில் எந்தப் படம், கீழே நாலு வரியா, ஒன்றுமே இல்லையா. திருமணத்துக்குப் படம் எடுப்பவருக்குப் பணம் கொடுத்தவர் சொல்வார், பத்திரிகையில் இருப்பவருக்கு ஆசிரியர் சொல்வார். எங்களுக்குச் சொல்ல ஆளே இல்லை, எங்களிடம் இருக்கிற சொத்து அது மட்டும்தான். அதையும் ஏதோ ஒரு கம்பெனியின் ஃபீடுக்கு, அவர்கள் ஓட விடுகிற பதிவு வரிசைக்கு, தூக்கிக் கொடுக்கணுமா?

என் படம் ஒன்று. பனி மூடிய காலை, பரந்த நீர்ப்பரப்பு, முழுக்கச் சாம்பல் நிறம். வலது ஓரத்தில் கீழே, தண்ணீரில் நட்ட கம்பின் நுனியில் ஒரு மீன்கொத்தி. அவ்வளவு சின்னது, அவசரமாகப் பார்த்தால் கம்பில் இருக்கிற கணு என்று நினைத்துக்கொள்வீர்கள். உற்றுப் பார்த்தால் அலகுக்கு வெளியே மீனின் வால் தெரியும். அத்தனை வெறுமைக்கு நடுவே ஒரு உயிர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, எனக்குப் படமே அந்த வெறுமைதான். ஃபீடில் போட்டேன். முன்னோட்டத்தில் இரண்டு பக்கமும் வெட்டியதில் பறவையே போய்விட்டது, சாம்பல் காகிதம் மாதிரி ஒன்று நிற்கிறது. திறந்து பார்த்தவர்களுக்கும் போனில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. “பறவை எங்க தலைவா?” “க்ராப் பண்ணி டைட்டா வைங்க ப்ரோ.” டைட்டாக வைக்கத் தெரியாமலா ப்ரோ அத்தனை நேரம் குளிரில் உட்கார்ந்திருந்தேன்? வலைப்பூவில் அதே படம் திரை அகலத்துக்கு இருக்கிறது. அதற்குக் கீழே, பறவை பறந்துபோன பிறகு எடுத்த வெறும் கம்பு. நடுவில் ஒரு எழுத்துகூட இல்லை. அந்த வரிசை நான் முடிவு பண்ணியது.

அந்தப் பக்கம் யார் முடிவு பண்ணுகிறார்கள் என்றும் பார்ப்போமே. இன்ஸ்டாகிராம் 2010இல் வந்தபோது எல்லாமே சதுரம், ஐந்து வருடம் அத்தனை பேரும் சதுரத்துக்குள் தலையைக் குனிந்து நுழைந்தோம். 2015இல் பெரிய மனது பண்ணி நீளவாட்டம், அகலவாட்டம் இரண்டையும் அனுமதித்தார்கள். 2016இல் தேதி வரிசை போய் அவர்கள் கணக்குப்படி வரிசை வந்தது. 2021இல் அதன் தலைவர் ஆடம் மொசேரி, இது இனிமேல் படம் பகிர்வதற்கான செயலி இல்லை என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். 2025 தொடக்கத்தில் ஒவ்வொருவர் பக்கத்திலும் இருந்த சதுரக் கட்டங்களை நிமிர்ந்த செவ்வகமாக்கினார்கள், சதுரத்துக்கென்று பார்த்துப் பார்த்து அடுக்கியவர்களின் பக்கமெல்லாம் கலைந்து போனது. யாரைக் கேட்டு மாற்றினார்கள்? கேட்க வேண்டிய அவசியமே இல்லை, இடம் அவர்களுடையது. நானும் அதைத்தானே சொல்கிறேன்.

‘உன் வலைப்பூ இருக்கிற பிளாக்கரும் கூகுளுடையதுதானே, நாளைக்கு மூடினால்?’ என்பீர்கள். நியாயமான கேள்விதான். கூகுள் தன் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ்ஸை 2019 ஏப்ரலில் மூடியபோது அங்கே குடியிருந்த புகைப்படக்காரர்கள் அலைந்த அலைச்சல் மறக்கவில்லை. படம் பகிரும் தளமான ஃப்ளிக்கர் 2013இல் ஒரு டெராபைட் இடம் இலவசம் என்றது, 2018இல் கைமாறிய பிறகு இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம்தான் என்றது. அதனால் எல்லாவற்றுக்கும் பிரதி வைத்திருக்கிறேன், மூடினால் வேறு இடத்தில் கடை விரிப்பேன். அடுத்த கேள்வி.

யார் பார்க்கிறார்கள்? கொஞ்சம் பேர்தான், மறைக்கவில்லை. ஆனால் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒன்று இருக்கிறதே. பல வருடம் முன்னால் என் லென்ஸில் பூஞ்சை பிடித்ததைப் பற்றி எழுதியிருந்தேன். தோல் உறையோடு பீரோவுக்குள் பூட்டி வைத்தால் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கண்ணாடிக்குள்ளே சிலந்தி இழை மாதிரி கிளை விடும், வெளிச்சத்துக்கு எதிராக எடுத்தால் படம் பால் கலந்தது போல வெளுக்கும் என்று படங்களோடு. போன மாதம் முன்பின் தெரியாத ஒருவர் அதைத் தேடிப் பிடித்து மின்னஞ்சல் எழுதியிருந்தார், தன் அப்பாவின் கேமராவை அன்றைக்கே உறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டதாக. ஃபீடில் போட்டிருந்தால் அந்தப் பதிவு இரண்டாம் நாளே காணாமல் போயிருக்கும்.

விவியன் மையர் என்று ஒரு அம்மா. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது வேலை, தெருவில் படம் எடுப்பது ஆசை, எடுத்தது ஒரு லட்சத்துக்கு மேல், அநேகமாக யாருக்கும் காட்டவில்லை. 2007இல் சிகாகோவில் அவர் படங்கள் இருந்த பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன, 2009 ஏப்ரலில் அவர் இறந்துபோனார். ஏலத்தில் எடுத்தவர்களில் ஒருவர் அந்த வருடக் கடைசியில் சில படங்களை வலைப்பூவில் ஏற்றி ஃப்ளிக்கரில் ஒரு லிங்க் போட்டார், அப்புறம்தான் உலகமே திரும்பிப் பார்த்தது. ஆமாம், லிங்க். நம் அட்மின் அங்கே இருந்திருந்தால் சுய விளம்பரம் என்று தூக்கியிருப்பார், மையரும் பெட்டிக்குள்ளேயே இருந்திருப்பார்.

‘அப்போ நீ என்ன விவியன் மையரா?’ என்று ஒருத்தர் வருவார், எனக்குத் தெரியும். இல்லை சாமி. ஆனால் பிரான்ஸ்காரர் ழாக் ஆன்ரி லார்டீக் தொழிலுக்கு ஓவியர், படம் எடுத்தது ஆசைக்கு, சின்னப் பையனாக இருந்ததிலிருந்து தன் படங்களைத் தானே ஆல்பம் ஆல்பமாக ஒட்டி வைத்தார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1963இல் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு 69 வயது. அதுவரைக்கும் அவர் ஆல்பத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்தாரா?

‘ஒளிஞ்சுக்கிற இடம்’. திரும்பத் திரும்ப இதுதான் வந்து குத்துகிறது. நீங்கள் தூக்கிய அந்த லிங்கில் என்ன இருந்தது, யாராவது திறந்தீர்களா? ஒரே துணிக்கொடி. பல வருடமாக ஒரே இடத்தில் நின்று எடுத்தது. குழந்தைச் சட்டை வருகிறது, அது பெரிதாகிறது, பள்ளிச் சீருடை வருகிறது, மழையில் நனைந்த துண்டு, காற்றில் சுருண்ட போர்வை. ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்தக் கொடியில் ஒருவருடைய துணி மட்டும் காணவில்லை. ஏன் என்று அவர் எழுதவில்லை. அடுத்த படத்துக்குப் போகிறார், அங்கேயும் இல்லை. அதிலிருந்து ஒன்றை மட்டும் பிய்த்து ஃபீடில் போட்டால் என்ன ஆகும்? “துணி காயப்போட்டதெல்லாம் போட்டோவா” என்பீர்கள். இசை சேர்த்து ரீல்ஸாக்கச் சொல்வீர்கள். அந்த மனிதர் அத்தனை வருடம் நின்று எடுத்ததை அவர் நினைத்த வேகத்தில் காட்ட ஒரு இடம் வைத்துக்கொண்டார், அது உங்களுக்கு விளம்பரம்.

காலையில் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. “விடுங்க, இனிமே எங்கேயும் லிங்க் போடல.” கோபமாக எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. அவ்வளவு பேர் அங்கே வந்து விதி பேசினீர்கள், லைக் கணக்குப் பேசினீர்கள். அந்தப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை, நன்றாக இல்லை என்றாவது ஒரு வார்த்தை, ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.

இவ்வளவு பேசுகிறவன் இதை ஏன் முகநூலில் எழுதுகிறாய் என்று கேட்கத்தானே டைப் பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்? சண்டை போட இதுதான் வசதி. படம் வைக்கத்தான் வேறு இடம் வேண்டியிருக்கிறது.