கை மாற்று சிகிச்சை: விரல் மடங்குமா என்பது இரண்டாவது கேள்வி

கட்டட வேலையில் கம்பியைத் தூக்கும்போது மேலே போகிற மின்கம்பியில் பட்டுக் கை போனவர்களுக்கு இப்போது ஒரு வழி இருக்கிறது. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், அப்படி இரண்டு கையும் இழந்த திண்டுக்கல் மாவட்டத் தொழிலாளி ஒருவருக்கு, மூளைச்சாவு அடைந்த இன்னொருவரின் கைகளைப் பொருத்தினார்கள். அதிலிருந்து மதுரைப் பக்கம் விசாரிக்கிற எல்லாரும் "விரல் மடங்குமா?" என்றே கேட்கிறார்கள். மனசு தாங்குமா என்று முதலில் கேளுங்கள்.

கிட்னி உள்ளே கிடக்கும், கண்ணில் படாது. கை அப்படியில்லை. சோறு பிசையும்போது இன்னொருவர் நிறம், இன்னொருவர் நகம். 1998இல் பிரான்சின் லியோன் நகரில் கை பொருத்தப்பட்டவர் அந்தக் கையோடு மனசு ஒட்டாமல், உடல் அதைத் தள்ளிவிடாமல் இருக்கக் கொடுத்த மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிடாமல், 2001இல் அதை எடுக்கவே வைத்துவிட்டார்.

ஆபத்தான காலம் முதல் வருஷம். நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். முன்கை நடுவில் ஒட்டினால் விரல் நுனிக்குச் சுமார் 30 சென்டிமீட்டர். பத்து மாசம் ஆகும். அதுவரை சுட்டாலும் தெரியாத கை. இதற்கிடையில் அந்த மருந்துகளில் ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், டாக்ரோலிமஸ் கையை நடுங்க வைக்கும். மாத்திரையால் வரும் நடுக்கம் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், "கை என் பேச்சைக் கேக்கல" என்று நினைத்துக்கொள்வார். மாத்திரையை விடுவது அங்கேதான் தொடங்கும். விட்டால் தோலில் சிவப்புத் தடிப்பு வரும், உடல் கையைத் தள்ள ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

வீட்டார் கவனிக்க வேண்டியது: கட்டுப் பிரிக்கும்போது முகத்தைத் திருப்புகிறாரா, துண்டால் மூடிக்கொள்கிறாரா, நகம் வெட்ட அடுத்தவரைக் கூப்பிடுகிறாரா. காயம் ஆறிய பிறகு எண்ணெய் தடவுவதை அவரையே செய்யச் சொல்லுங்கள். பார்ப்பதும் தொடுவதும்தான் கையைச் சொந்தமாக்கும்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்தினாலும் தப்பில்லை. "யாரு கைப்பா? என்ன ஆளுகளாம்?" என்று கட்டில் பக்கத்தில் நின்று கேட்கிற ஊர் இது. ஒரு வார்த்தை போதும், பல மாசப் பயிற்சி வீணாகும். கொடுத்தவர் பெயரையும் ஊரையும் பத்திரிகைகள் போடுவதும் இதே கொடுமைதான்.

அறுவை சிகிச்சை சென்னையிலோ கொச்சியிலோ நடக்கட்டும். மனநல ஆலோசனைக்கு மாசாமாசம் அவ்வளவு தூரம் எந்தக் கூலிக் குடும்பம் போகும்? மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவிலேயே, சிகிச்சைக்கு முன்னாலும் பின்னாலும், மனைவியையும் உட்கார வைத்துப் பேச ஏற்பாடு வேண்டும்.