பெரம்பூரில் உருவான ஹைட்ரஜன் பெட்டி எந்தப் பாதையில் ஓட வேண்டும்?

என் அப்பா சென்னை பெரம்பூரில் ரயில் பெட்டிகள் கட்டும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் வெல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2025 ஜூலையில், ஹைட்ரஜனில் இயங்கும் நாட்டின் முதல் ரயில் பெட்டியை அங்கே வெற்றிகரமாகச் சோதித்துவிட்டதாக ரயில்வே அமைச்சர் அறிவித்தார். அந்தச் செய்தியை அப்பா திரும்பத் திரும்பப் படித்தார். 1955இல் சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு பெட்டி கட்டத் தொடங்கிய இடம், 2018இல் வந்தே பாரத் ரயிலைத் தந்தது, இப்போது இது. அவருடைய பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் மனத்தில் பட்டதை மறைக்காமல் எழுதுகிறேன்.

இந்தப் பெட்டியில் எதுவும் எரிவதில்லை. உருளைகளில் அழுத்தி நிரப்பிய ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் எரிபொருள் மின்கலத்துக்குள் சேர்கின்றன; மின்சாரம் பிறக்கிறது, நீராவி வெளியேறுகிறது. புகை இல்லை, டீசல் இன்ஜினின் இரைச்சலும் இல்லை. முழு ரயிலில் தலா 1,200 கிலோவாட் திறனுள்ள இரண்டு இயக்கப் பெட்டிகள், எட்டுப் பயணிகள் பெட்டிகள். உலகில் ஓடும் ஹைட்ரஜன் ரயில்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று பெட்டிகளோடு நின்றுவிடுகின்றன. பத்துப் பெட்டி என்பது சாதாரண வேலை இல்லை.

ஆனால் இதற்குத் தேர்ந்தெடுத்திருக்கும் பாதை ஹரியானாவின் ஜிந்த்–சோனிபட். அந்த மாநிலத்தின் அகலப்பாதைகள் முழுவதும் மின்மயமாகிவிட்டன. நாடு முழுவதும் பார்த்தாலும் அகலப்பாதையில் ஏறத்தாழ 99 விழுக்காடு மின்மயமாகிவிட்டது. தலைக்கு மேல் கம்பி இருக்கும்போது ஹைட்ரஜன் எதற்கு?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் தேவை. அந்த ஒரு கிலோவில் அடங்கியிருப்பது 33 யூனிட். மின்கலம் அதில் பாதியைத்தான் திரும்ப மின்சாரமாகத் தரும், அதாவது 16, 17 யூனிட். அழுத்தி நிரப்பும் செலவு தனி. அதே மின்சாரத்தைக் கம்பி வழியாகக் கொடுத்தால் பெரும்பகுதி சக்கரத்துக்கே போய்ச் சேரும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த 55 யூனிட் நிலக்கரி மின்சாரம் மிகுந்த நம் பொது மின்தொகுப்பிலிருந்து வந்தால், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 40 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியேறும். அதே வேலையை டீசலில் செய்தால் நான்கைந்து லிட்டர் போதும். 11, 12 கிலோதான் வரும். பசுமை ஹைட்ரஜன் என்று அழைக்க ஒரு கிலோவுக்கு 2 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று 2023இல் மத்திய அரசே வரையறுத்திருக்கிறது. சூரிய ஒளியிலிருந்தோ காற்றிலிருந்தோ வரும் மின்சாரம் இல்லாவிட்டால் இந்த ரயிலைச் சுத்தமானது என்று சொல்லவே முடியாது.

ஜெர்மனியில் லோயர் சாக்ஸனி மாநிலம் 2022இல் பிரெமர்வோர்டே பகுதியில் 14 ஹைட்ரஜன் ரயில்களை ஓட்டத் தொடங்கியது. கம்பி இல்லாத பாதை, டீசலுக்கு மாற்று. காரணம் சரியாகத்தான் இருந்தது. அப்படியிருந்தும் அடுத்த ஆண்டே, இனி வாங்குபவை பேட்டரி ரயில்கள் என்று முடிவெடுத்தார்கள், செலவு குறைவு என்பதால்.

அப்படியானால் இந்த உழைப்பு வீணா? இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். மலைப்பாதைகளுக்கும் பாரம்பரியப் பாதைகளுக்கும் 35 ஹைட்ரஜன் ரயில்கள், ரயில் ஒன்றுக்கு 80 கோடி ரூபாய், பாதை ஒன்றுக்கு அடிப்படை வசதிகளுக்காக 70 கோடி என்று ரயில்வேயிடம் திட்டம் இருக்கிறது. இதற்கு உரிய இடம் அதுதான். நம் நீலகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பல்சக்கரம் தேவைப்படும் கல்லார்–குன்னூர் ஏற்றம் நீராவி இன்ஜினுக்கே இருக்கட்டும். உலகம் அதைப் பார்க்கத்தான் வருகிறது. குன்னூரிலிருந்து ஊட்டி வரை இன்று இழுப்பது டீசல் இன்ஜின். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள அந்தப் பாதையில் கம்பங்கள் நட்டுக் கம்பி இழுப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். மீட்டர்கேஜுக்கு ஏற்ற சிறிய ஹைட்ரஜன் பெட்டியை வடிவமைப்பது பெரம்பூர்க்காரர்களின் கைக்கு எட்டாத வேலை இல்லை.

ரயில்வே அமைச்சகத்திடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்த ரயிலுக்கான ஜிந்த் ஆலையில் நாளொன்றுக்கு 430 கிலோ ஹைட்ரஜன் தயாரிக்கத் திட்டம். அதற்கான ஒவ்வொரு யூனிட்டும் எங்கிருந்து வருகிறது என்பதை மாதந்தோறும் வெளியிடுங்கள். அப்பாவும் அதைத்தான் கேட்கிறார்.