ட்ரீம்கேட்சர் சண்டையில் என் பக்கம்

முன்னாடியே சொல்லிவிடுகிறேன், கதையை முழுக்க உடைக்கப் போகிறேன். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் ‘ட்ரீம்கேட்சர்’ நாவலை இனிமேல்தான் படிக்கணும் என்று எடுத்து வைத்திருப்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள்.

பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் பக்கம் இங்கிலீஷ் திகில் நாவல் படிக்கிற நாங்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் பழைய புத்தகக் கடையில் யாராவது ஒருவர் ஒரு பிரதி வாங்குவார், அது எல்லார் வீட்டுக்கும் சுற்றி வரும். இந்தத் தடவை சுற்றியது ட்ரீம்கேட்சர். 600 பக்கத்துக்கு மேல் இருக்கும் தடிப்புத்தகம். சுற்று முடிந்ததிலிருந்து ஒரே சண்டை. கிங் எழுதியதிலேயே மோசம் என்று ஒருத்தர், ராத்திரி முழுக்க கீழே வைக்க முடியவில்லை என்று இன்னொருத்தர், முதல் இருநூறு பக்கம் சூப்பர் மீதியைக் கிழித்துப் போடு என்று மூன்றாவது ஆள். மணலியில் ஷிப்ட் வேலைக்குப் போகிற தம்பி பாதியில் போன் போட்டு, "ண்ணா, ஏலியன் படையெடுப்புன்னு சொல்லிக் குடுத்தீங்க, இது என்ன முழுக்க கக்கூஸ் கதையா இருக்கு" என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் எனக்கு எரிச்சல் அவன் மேல் இல்லை. "எழுதினவரே நல்லா இல்லைன்னு சொல்லிட்டாரு, அப்புறம் என்ன பேச்சு" என்று சண்டையை மூடப் பார்க்கிறவர்கள் மேல்தான். ஆமாம், 2014இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகைப் பேட்டியில் கிங் தனக்கு இந்தப் புத்தகம் அவ்வளவாகப் பிடிக்காது என்று சொன்னார், எழுதும்போது ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையில் இருந்ததையும் சொன்னார். அதே பேட்டியில் 1987இல் வந்த அவருடைய இன்னொரு ஏலியன் நாவலான ‘டாமிநாக்கர்ஸ்’ஸையும் மோசம் என்று சொல்லிவிட்டு, அதற்குள் 350 பக்கத்துக்கு ஒரு நல்ல நாவல் இருக்கலாம் என்றும் சொன்னார். எழுதியவருக்கு அதை எழுதிய ஆறு மாதம் ஞாபகம் வரும், மாத்திரை ஞாபகம் வரும். நமக்கு என்ன வருகிறது? அச்சடித்த பக்கம் மட்டும்தான். அதை வைத்துத்தான் நாம் பேச முடியும்.

அந்த ஆறு மாதத்தைப் பற்றிக் கொஞ்சம். 1999 ஜூன் 19, மெய்ன் மாநிலத்தில் சாலையோரமாக நடந்து போய்க்கொண்டிருந்த கிங் மேல் ஒரு வேன் மோதியது. ஓட்டியவரின் கவனம் வண்டிக்குள் இருந்த நாயின் மேல் போயிருந்தது. கால் பல துண்டாக, இடுப்பு உடைந்து, ஒரு நுரையீரல் சுருங்கிப் போய்க் கிடந்தார். அதே வருஷம் நவம்பரில் இந்த நாவலை எழுத ஆரம்பித்து 2000 மே கடைசியில் முடித்திருக்கிறார், அதுவும் கம்ப்யூட்டரில் இல்லை, மைப்பேனாவால், கையால். முதலில் வைத்த தலைப்பு ‘கேன்சர்’. அந்தத் தலைப்பு வேண்டவே வேண்டாம் என்று மாற்ற வைத்தவர் மனைவி டபிதா. 2001இல் புத்தகம் வந்தது.

என்னைக் கேட்டால் சண்டைக்கு வேர் இந்தத் தலைப்பு மாற்றத்தில்தான் இருக்கிறது. இது நோயைப் பற்றிய நாவல். ஏலியன் அட்டை போட்டு விற்றார்கள். விண்கலம், லேசர், நியூயார்க் இடிகிற காட்சி என்று எதிர்பார்த்து வந்தவனுக்கு ஏப்பமும் வயிற்று உப்புசமும் கிடைத்தால் கோபம் வராமல் என்ன செய்யும்.

கதை இப்படி. சின்ன வயசிலிருந்து கூட்டாளிகளான நாலு பேர், ஜோன்ஸி, ஹென்ரி, பீட், பீவர், வருஷா வருஷம் நவம்பரில் காட்டுக்குள் ஒரு மரவீட்டுக்கு வேட்டைக்குப் போவார்கள். பனி பெய்துகொண்டிருக்கும்போது வழி தவறிய ஒரு ஆள் வருகிறார். மரத்து மேல் உட்கார்ந்திருக்கும் ஜோன்ஸி அவரை மான் என்று நினைத்துச் சுடவே போய்விடுகிறார். வந்தவர் நல்ல மனுஷர், மரியாதையாகப் பேசுகிறார், அடிக்கடி மன்னிப்புக் கேட்கிறார். கன்னத்தில் சிவப்பாக ஒரு தடிப்பு. ஏப்பம் விடுகிறார், நாற்றம் தாங்கவில்லை, வயிறு ஊதிக்கொண்டே போகிறது. வெளியே காட்டிலிருக்கிற மிருகமெல்லாம், மான், கரடி எல்லாம், ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் ஒரே திசையில் நடந்து போகின்றன. இந்த இடத்தில் பயப்படாதவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த பாத்ரூம். வந்தவர் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிறார், செத்துப் போகிறார், அவர் உடம்பிலிருந்து வந்த ஜந்து கம்மோடுக்குள் கிடக்கிறது. பீவர் மூடி மேல் உட்கார்ந்து அதை அடைத்துக்கொண்டிருக்க, ஜோன்ஸி டேப் எடுக்க ஷெட்டுக்கு ஓடுகிறார். பீவருக்கு எப்போதும் வாயில் பல்குச்சி கடித்துக்கொண்டே இருக்கணும். டென்ஷன் ஆனால் இன்னும் அதிகம். பல்குச்சியெல்லாம் தரையில் சிதறிக் கிடக்கிறது, பாதி ரத்தத்தில் நனைந்துவிட்டது, கொஞ்சம் தள்ளி சுத்தமாகச் சிலது கிடக்கிறது. எழுந்துவிடாமல் எட்டி எடுக்க முடியுமா என்று பார்க்கிறார். அவ்வளவுதான், வேறு எதுவும் நடக்கவில்லை, ஆனால் நான் படித்துக்கொண்டிருந்த இடத்தில் என் கால் தானாக இழுத்துக்கொண்டது. அசிங்கம் என்று சொல்பவர்கள் அசிங்கத்தை மட்டும் பார்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் பயம் வருவது ஜந்துவால் இல்லை, ஒரு மனுஷனால் ஐந்து நிமிஷம் விட முடியாத ஒரு சின்னப் பழக்கத்தால். பீடியோ ஹான்ஸோ விட முடியாத ஆட்களை எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். இந்தப் பக்கத்தை எழுதியது மாத்திரையா? அப்படியானால் நல்ல மாத்திரை.

எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா இருக்கிறார், பல வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ். இந்தப் பகுதியைப் பற்றி எல்லாரும் மூக்கைப் பிடித்தபோது அவர் மட்டும் சிரித்தார். "வயித்துல கட்டின்னு வந்து படுக்கிறவங்க முக்கால்வாசிப் பேர் முதல்ல ரத்தத்தைப் பார்க்கிறது பாத்ரூம்லதான். பார்த்துட்டு ஆறு மாசம் யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க, அசிங்கமாம்" என்றார். அந்த மனுஷர் தாழ் போட்டுக்கொண்டு கதவுக்கு உள்ளேயிருந்து "ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்கிற மாதிரிச் சமாளிப்பது எதற்கு என்று அதற்கப்புறம் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஏலியன் ஜோன்ஸியின் உடம்புக்குள் புகுந்ததும் நாவல் இன்னொரு உயரத்துக்குப் போகிறது, இதைத் திட்டுகிறவர்கள்கூட ஒத்துக்கொள்கிறார்கள். மிஸ்டர் கிரே என்று பெயர். ஜோன்ஸியின் மனசு ஒரு பெரிய கிடங்கு, அதில் ஞாபகங்களெல்லாம் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறது, மூலையில் ஒரு ஆபீஸ் அறை. ஜோன்ஸி சில பெட்டிகளைத் திருடி அந்த அறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைப் பூட்டிக்கொள்கிறார். உடம்பு வெளியே வேறொருத்தன் கையில், இவர் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறார். ஜோன்ஸிக்கும் கிங்கைப் போலவே கார் மோதி இடுப்பு உடைந்திருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு படியுங்கள். படுக்கையில் கிடக்கிறவனுக்கு உடம்பு தன்னுடையதாக இருக்காது, அதற்கு வேறு முதலாளிகள் வந்துவிடுவார்கள். இதற்கு நடுவில் மிஸ்டர் கிரேவுக்கு பேக்கன், அதாவது உப்பிட்ட பன்றிக்கறித் துண்டு, ருசி பிடித்துவிடுகிறது. உலகத்தைப் பிடிக்க வந்தவர் அதைப் பச்சையாகவே அள்ளித் தின்கிறார். கோபம் பழகுகிறார், ஆசை பழகுகிறார். படையெடுத்து வந்தவனை மனுஷ உடம்பே கெடுக்கிறது. எனக்கு இது சிரிப்பும் திகிலும் ஒன்றாக வந்த இடம்.

சரி, இப்போது திட்டு. ஏலியன்களை ஒழிக்க வருகிற ராணுவத்துக்குத் தலைவர் கர்னல் கர்ட்ஸ். பெயரே ஜோசப் கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலிலிருந்து வாங்கிய கடன். பைத்தியம் பிடித்த ராணுவ அதிகாரி என்றால் கத்தணும், ஜோக் அடிக்கணும், சொந்த ஆளையே சுடணும். இந்த ஆள் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதே இல்லை. எடிட்டர் எங்கே போனார் என்று தெரியவில்லை. கடைசிப் பகுதி முழுக்கப் பனியில் ஒரு வண்டி பின்னால் இன்னொரு வண்டி பின்னால் இன்னொரு வண்டி என்று துரத்தல், பயம் அப்படியே ஆவியாகிவிடுகிறது. இருநூறு பக்கத்துக்கு மேல் கிழித்துப் போடு என்ற ஆளோடு இந்த விஷயத்தில் முக்கால்வாசி எனக்கு ஒத்துப்போகும்.

ஆனால் முழுசாகக் கிழிக்காதீர்கள். ராணுவப் பகுதியில் இரண்டு இடம் உண்டு. ஒன்று, விழுந்து கிடக்கும் ஏலியன்கள் "எங்களை அடிக்காதீர்கள், இங்கே தொற்று இல்லை" என்று பிரபலங்களின் குரலில் ரேடியோவில் கெஞ்சிக்கொண்டே இருக்க, மேலே ஹெலிகாப்டர்கள் சுடுகின்றன. தொற்று இருக்கிறது, அவர்கள் சொல்வது பொய், ஆனாலும் கேட்க முடியவில்லை. இன்னொன்று, அந்த வட்டாரத்து ஜனங்களையும் வேட்டைக்கு வந்தவர்களையும் ஒரு மளிகைக் கடைக்குப் பக்கத்துக் கொட்டகையில் வேலி போட்டு அடைத்து வைப்பது. தொற்று உள்ளவனும் இல்லாதவனும் ஒன்றாக, யாருக்கும் எதுவும் சொல்லாமல். ஒட்டுமொத்தமாகத் தீர்த்துக்கட்டுவதுதான் கர்ட்ஸின் திட்டம். 2001இல் அமெரிக்காவில் இதைப் படித்தவர்களுக்கு இது ஓவராகத் தெரிந்திருக்கலாம். 2020 மே, ஜூனில் சென்னையிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் கொரோனா எண்ணிக்கை அதிகமாக இருந்தது, தெரு முனையில் தகரம் அடித்து நின்ற நாட்களை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். எங்களை யாரும் சுட வரவில்லை, அப்படிச் சொன்னால் அபத்தம். ஆனால் தகரத்துக்கு உள்பக்கம் நின்றவனை வெளிப்பக்கம் நின்றவன் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை கிங் சரியாகப் பிடித்திருக்கிறார். பழைய வண்ணாரப்பேட்டை நண்பர் ஒருத்தர் நாவலில் பிடித்த ஒரே பகுதி இதுதான் என்றார், காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டடிட்ஸ் விஷயம் கஷ்டம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பையன். சின்ன வயசில் பெரிய பையன்கள் கொடுமைப்படுத்தும்போது இந்த நாலு பேரும் காப்பாற்றுகிறார்கள், அவன் மூலமாக இவர்களுக்கு மனசு படிக்கும் சக்தி வருகிறது. வளர்ந்து, லுக்கீமியாவில் செத்துக்கொண்டிருக்கும்போது உலகத்தைக் காப்பாற்றக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். வேலை முடிந்ததும் செத்துப் போகிறான். நிறைய பேர் அழுதேன் என்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளையை வளர்க்கிற அம்மா இருக்கிறார், அவர் மகனுக்குக் காரம் பிடிக்கும், பிடிவாதம் உண்டு, பொய் சொல்வான், டிவி ரிமோட்டை ஒளித்து வைப்பான். டடிட்ஸுக்கு அப்படி எதுவுமே கிடையாது, நல்லவனாக மட்டும் இருக்கிறான். தெய்வமாக்கிவிட்டால் அவனைப் பற்றி எழுத வேண்டிய வேலை மிச்சம். அவன் அம்மா ராபர்ட்டா வருகிற பக்கங்கள் மட்டும் தப்பித்தன, ஏனென்றால் அந்த அம்மாவுக்குக் களைப்பு இருக்கிறது.

மிஸ்டர் கிரேவின் திட்டத்தைச் சிரித்தவர்களுக்கும் ஒன்று சொல்லணும். ஒரு நாயின் வயிற்றில் ஜந்துவை வளர்த்து, பாஸ்டனுக்குக் குடிதண்ணீர் போகும் குவாபின் நீர்த்தேக்கத்தில் போட்டுவிட்டால் போதும் என்பதுதான் திட்டம். (திரும்பவும் ஒரு நாய், அந்த வேனுக்குள் இருந்த நாய் எனக்கு ஞாபகம் வந்தது, கிங்குக்கு வந்ததா தெரியாது.) "ஒரு நாயால ஊரே சாகுமா" என்று கேட்கிறார்கள். குவாபின் கற்பனை இல்லை, 1930களில் நாலு ஊரைக் காலி பண்ணிக் கட்டிய நிஜமான ஏரி. நமக்குப் புழல் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. 2019இல் புழல் வறண்டு வெடித்துக் கிடந்தபோது நடுராத்திரி லாரிக்குக் குடம் வரிசை போட்டவர்கள் நாம். எண்ணூரில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுத்தபோது தண்ணீரில் ஒன்று கலந்தால் எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்தவர்கள். வானத்திலிருந்து முந்நூறு கப்பல் இறங்குவதை விட, குடிதண்ணீர் மூடியைத் திறந்து ஒரு புழு விழுவது எனக்கு நம்பும்படி இருக்கிறது. 1898இல் எச்.ஜி. வெல்ஸ் நாவலில் செவ்வாய்க்காரர்களைக் கொன்றது நம்மூர்க் கிருமி. இங்கே கிருமியே படையெடுத்து வருகிறது, ஆனால் நம் குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

முடிவுதான் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் முடிந்து ஹென்ரியும் ஜோன்ஸியும் உட்கார்ந்து பேசும்போது, மிஸ்டர் கிரே என்று ஒருத்தர் உண்மையிலேயே உள்ளே இருந்தாரா என்ற சந்தேகத்தை ஹென்ரி கிளப்புகிறார். ஏமாற்று வேலை என்கிறார்கள். 600 பக்கம் படிக்க வைத்துவிட்டு இப்படியா என்று. எனக்கு நாவலில் மிக நேர்மையான இடமே இதுதான். பெரிய வியாதியிலிருந்து எழுந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், படுக்கையில் இருந்தபோது தான் பேசியதை, கத்தியதை, குடும்பத்தைத் திட்டியதை அவர்களே நம்ப மாட்டார்கள், அது நான் இல்லை என்பார்கள்.

படிக்கலாமா என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு: படியுங்கள், கர்ட்ஸ் வாயைத் திறந்தால் ரெண்டு பக்கம் தள்ளிவிட்டுப் போங்கள், ஒன்றும் குறையாது. சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள். 2003இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திட்டுகிறவர்கள் தயவுசெய்து வேறு வேலை பாருங்கள், லாரன்ஸ் காஸ்டன் இயக்கி மார்கன் ஃப்ரீமேன் நடித்தும் டடிட்ஸையே ஏலியன் ஆக்கி முடித்துவைத்தார்கள், அதற்கு கிங் பொறுப்பில்லை. அடுத்த சுற்றுக்குப் புத்தகம் வேண்டும் என்பவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள், கொளத்தூர் அக்கா வீட்டில்தான் இருக்கிறது, மணலி தம்பியும் விட்ட இடத்திலிருந்து படிக்கணும் என்று வரிசையில் நிற்கிறான்.